ஒரே ஓட்டல், இரண்டு அபிப்பிராயம்: சீர்காழியில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

சீர்காழி பேருந்து நிலையத்தைச் சுற்றியும் சட்டைநாதர் கோயில் வீதிகளிலும் இருக்கும் எந்த ஓட்டலைப் பற்றி விசாரித்தாலும் இரண்டு பதில் கிடைக்கும். "சாம்பார் ஒண்ணு போதும், தாராளமா போங்க" என்பார் ஒருவர். "அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பகல் பன்னிரண்டரைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தவர். மற்றவர் மூன்றரைக்குப் பசியோடு வந்து இறங்கியவர். சின்ன ஊர் ஓட்டலின் தரம் நாளுக்கு நாள் மாறும், மணிக்கு மணி மாறும். அப்படி மாறுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் சாப்பிடுகிறவருக்குக் காசும் வயிறும் மிஞ்சும். ஓட்டல்காரருக்கும் நியாயமான தீர்ப்பு கிடைக்கும்.

சீர்காழி ஓட்டல்களுக்கு வரும் கூட்டம் ஒரே மாதிரியானது அல்ல. தாலுகா அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் வேலையாக வருகிறவர்கள், கொள்ளிடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உரம், விதை வாங்க வரும் விவசாயிகள், சிதம்பரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே பஸ் மாறுகிறவர்கள், இவர்கள் தினசரி ஆட்கள். இவர்களோடு கோயில் கூட்டம் சேர்கிறது. திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் என்பதால் சட்டைநாதர் கோயிலுக்கு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. பக்கத்தில் வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய்த் தலம், திருவெண்காடு புதன் தலம், கீழப்பெரும்பள்ளம் கேது தலம். நவக்கிரகச் சுற்றில் வரும் வேன்கள் இந்தத் தலங்களுக்கு நடுவே எங்காவது ஓர் இடத்தில் சாப்பாட்டுக்கு நின்றாக வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை இந்த வட்டாரத்து ஓட்டல்களுக்குத் தனிக் கணக்கு. சித்திரை இரண்டாம் செவ்வாய்க்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் பாதயாத்திரையாக வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வரும்போது அந்தக் கணக்கும் போதாது. 2023 மே 24-இல் சட்டைநாதர் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில் அவசரமாக ஓர் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிற வெளியூர்க்காரர், அந்த ஓட்டலை ஆயுசுக்கும் அந்த ஒரு நாளை வைத்தே எடை போடுவார்.

கூட்ட நாளில் என்ன நடக்கிறது? நூறு சாப்பாட்டுக்கு வடித்த அடுப்பில் முந்நூறு பேருக்கு வடிக்க வேண்டியிருக்கிறது. அடுப்பும் அண்டாவும் அதேதான், கூடுதலாக வருவது தற்காலிகமாகக் கூப்பிட்ட இரண்டு சப்ளையர்கள். அவர்களுக்கு எந்த டேபிளில் யார் என்ன கேட்டார்கள் என்பது பழக்கமாகியிருக்காது. ஒரு டேபிளுக்குக் கூட்டு வராமல் ரசம் வரும். இன்னொரு டேபிளில் சாப்பிட்டு முடித்த இலை எடுக்கப்படாமல் கிடக்கும், அதற்குப் பின்னால் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும் இந்தப் பழக்கம் டெல்டா ஓட்டல்களில் சகஜம்; வெளிமாநிலத்திலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. உள்ளூர்க்காரர் அதைக் கவனிப்பதே இல்லை.

கூட்டம் இல்லாத நாளிலும் ஒரே ஓட்டலுக்குள் பல ஓட்டல்கள் உண்டு. சாம்பாரை எடுத்துக்கொள்ளலாம். காலை பதினொன்றரை வாக்கில் இறக்கும் சாம்பாரில் துவரம்பருப்பு குழைந்து, முருங்கைக்காயும் பூசணியும் உருக்குலையாமல், பெருங்காய வாசனை நிற்கும். அண்டா அடுப்பிலேயே சிறு தீயில் கிடக்கக் கிடக்க வாசனை ஆவியாகிப் போகிறது. நீர் சுண்டுவதால் புளிப்பும் உப்பும் ஏறுகின்றன, காய் கரைந்துபோகிறது. இரண்டு மணிக்குப் பிறகு அண்டா அடியைத் தொடும்போது வெந்நீரும் சாம்பார் பொடியும் சேர்த்து அதை நீட்டுகிறார்கள். மேலே ஒரு புதுத் தாளிப்பு விழும். கடுகும் கறிவேப்பிலையும் பளிச்சென்று மிதக்கும், ஆனால் கீழே இருப்பது தண்ணீர்தான். தஞ்சாவூர்ச் சீமைக்குச் சாம்பார் பேர்போனது என்று கேள்விப்பட்டு மூன்று மணிக்கு வந்து உட்காருகிறவர் ஏமாறுவது இங்கேதான். அந்த நேரத்தில் ரசமும் மோரும் கேட்டுச் சாப்பிடுவது உத்தமம். ரசம் மேலே தெளிவாகவே நிற்கும், வற்றக் குழம்பு நேரம் ஆக ஆகக் கூடுதல் ருசி பிடிக்கும். கடைசிப் பந்திக்காரர்கள் வற்றக் குழம்பைப் புகழ்வதும் சாம்பாரைத் திட்டுவதும் இதனால்தான்.

இட்லியின் கதை பருவத்தோடு சேர்ந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும். காலையில் பூவாக இருக்கும் இட்லி ராத்திரி டிபனில் புளிப்பாக வரும். மார்கழிக் குளிரில் இதற்கு நேர்மாறு: விடியற்காலை மாவு பொங்கியிருக்காது, இட்லி கெட்டியாக இருக்கும், எட்டு மணிக்கு மேல் வரும் ஈடு பரவாயில்லாமல் இருக்கும். தேங்காய்ச் சட்னி அரைத்துச் சில மணி நேரம்தான் தாங்கும். காலையில் அரைத்த சட்னி பதினொரு மணிக்கும் பரிமாறப்படுகிறதா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடலாம். கும்பகோணம் பக்கத்து வழக்கப்படி இட்லிக்குக் கடப்பா வைக்கிற ஓட்டல்களில், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பு சூடு ஆறினால் இறுகிப்போகும். ஆறிய கடப்பா சாப்பிட்டவர் அடுத்த முறை அதைக் கேட்க மாட்டார்.

சாயங்காலம் அடுப்பு மாறுகிறது, மாஸ்டர் மாறுகிறார், வருகிற ஆளும் மாறுகிறார். பரோட்டா மாவு எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய பொருள். மதியமே பிசைந்து உருட்டி வைத்த மாவில் ஆறு மணிக்குப் போடும் பரோட்டா இழை இழையாக வரும். ஒன்பது மணிக் கூட்டத்துக்காக முன்கூட்டியே அரை வேக்காட்டில் போட்டு அடுக்கி வைப்பதும் உண்டு. அதைத் திரும்பக் கல்லில் சூடு காட்டித் தரும்போது தோல் மாதிரி இழுக்கும். சால்னா இதற்கு எதிர்ப்புறம் நகரும், ஏழு மணிக்கு நீர்க்க இருப்பது பத்து மணிக்குக் கெட்டியாகி மசாலா இறங்கி நிற்கும். நல்ல பரோட்டாவும் நல்ல சால்னாவும் ஒரே இலையில் சேர்வது ஏழரையிலிருந்து எட்டரைக்குள்தான் என்று சாப்பிட்டுப் பழகியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மாஸ்டர் என்கிற மனிதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன ஊர் ஓட்டலில் சமையல் குறிப்பு எழுதி வைத்து நடப்பதில்லை. கை அளவுதான் கணக்கு. சரக்கு மாஸ்டர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால், பெயர்ப்பலகையும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியும் அப்படியே இருப்பார்கள், குழம்பு வேறு ஆளுடையதாகிவிடும். முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சமையலுக்கு நல்ல கூலி கிடைப்பதால் கைதேர்ந்த ஆட்கள் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "முன்ன மாதிரி இல்லைங்க" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் பெரும்பாலும் மாஸ்டர் மாறிவிட்டார் என்றுதான் அர்த்தம். முதலாளி அதைச் சொல்ல மாட்டார். சொல்வது அவருக்குத்தான் நல்லது.

இனி சரக்கு. நெல் விளையும் சீமையில் சோற்றைப் பற்றிக் குறை வருவது பலருக்கு விசித்திரமாகப் படலாம். டெல்டாவில் அறுக்கும் நெல்லில் பெரும்பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் போகிறது. ஓட்டல்காரர் வாங்குவது கடையில் மூட்டையாக வரும் அரிசி. அதிலும் அவருக்கு வேண்டியது பழைய அரிசி. அறுத்த கையோடு அரைத்த புது அரிசி குழையும், ஒட்டும், வடித்தால் சோறு காணாது. ஒரு படிக்கு எத்தனை சாப்பாடு என்பதில்தான் ஓட்டலின் லாபம் இருப்பதால், நன்றாக விரியும் பழைய புழுங்கல் அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி சந்தைக்கு வரும்போது சிக்கனம் பார்க்கும் ஓட்டலில் சோறு கஞ்சிப்பதமாகும். அந்த மாதங்களில் வந்து போனவர் "சோறு குழைஞ்சுபோச்சு" என்று சொன்னால் அதை நம்பலாம். ஆனி மாதத்தில் அதே ஓட்டலுக்குப் போனவர் அதை மறுத்தால் அதையும் நம்பலாம்.

மீனும் இப்படித்தான். பழையாறு, திருமுல்லைவாசல் துறைகள் பக்கத்தில் இருப்பதால் சீர்காழியில் மீன் குழம்புக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வருவது நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன் கொஞ்சமும், வெளியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனும்தான். விலை ஏறும், துண்டு சிறுக்கும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து மீன் சாப்பாடு கேட்கிறவர்கள் சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான் வருகிறார்கள். புரட்டாசியில் வேறு சிக்கல். அசைவம் சாப்பிடுகிறவர்கள் பாதியாகக் குறைவதால் வாங்கிய கறி தேங்கும், ஃப்ரீசரில் நாள் கணக்கில் கிடக்கும். புரட்டாசியில் அசைவம் சாப்பிடுகிறவர் கூட்டம் அதிகமுள்ள கடையாகப் பார்த்துப் போவது நல்லது. ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழிக்கும் இது பொருந்தும்.

மழையைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. 2022 நவம்பர் 11-ஆம் தேதியன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் வாழை இலை வராது, பால் வண்டி வராது, கரண்டு இருக்காது, மாவு அரைக்க முடியாது. அன்றைக்குக் கடை திறந்து ஒரு உப்புமாவும் டீயும் கொடுத்தவரே பெரிய ஆள்.

வாடிக்கையாளர் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பதும் தீர்ப்பை மாற்றுகிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு கேட்பார்கள். சைவ ஓட்டல் என்று பலகை இருந்தாலும் குழம்பில் வெங்காயம் இருக்கத்தான் செய்யும், உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அது தெரிந்தால் கோபம் வரும். சென்னையிலிருந்து வருகிறவர் ஏசியும் சுத்தமான கழிப்பறையும் தேடுவார். கொள்ளிடத்து விவசாயிக்கு வேண்டியது சோறு இரண்டாம் முறை முகம் சுளிக்காமல் வைப்பது. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்ற இரண்டு வகையில் பாதிச் சண்டை நடக்கிறது. அளவுச் சாப்பாட்டு டோக்கன் வாங்கியவர் மறுபடியும் சோறு கேட்பார், சப்ளையர் எக்ஸ்ட்ரா காசு என்பார். இரண்டின் விலையையும் எது எத்தனை முறை என்பதையும் கல்லாவுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டால் இந்தச் சண்டை தீர்ந்துவிடும். பல ஓட்டல்களில் இன்னும் அது இல்லை.

சாப்பாட்டோடு ஒரு பீர் என்று கேட்டு வருகிற வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் ஏமாற்றத்தைத்தான் தரும். காரணம் ஓட்டல்காரர் அல்ல, மாநிலத்தின் மது ஏற்பாடு. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. மேசையில் உட்கார வைத்துச் சாப்பாட்டோடு மது பரிமாற நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான் உரிமம். மற்றபடி "பார்" என்றால் டாஸ்மாக் கடையை ஒட்டிய கூடம். அதை ஏலத்தில் எடுத்தவருக்கு உள்ள உரிமை தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும் மட்டுமே. மதுவைக் கடைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கடை நேரம் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் பாரில் சாப்பிடுகிறவரைப் பற்றி யாருக்கும் பெரிய அக்கறை இருப்பதில்லை. ஏலத் தொகையைச் சுண்டல், அவித்த முட்டை, சில்லி சிக்கன், தண்ணீர் பாட்டில் விற்றுத்தான் எடுத்தாக வேண்டும். அதனால் விலைப்பட்டியல் கண்ணில் படாது, பில் கிடைக்காது, கேட்டதும் கேட்காததும் மேசைக்கு வரும். அதே பாரிலும் பொழுதோடு போனவருக்குக் கலக்கியும் மீன் வறுவலும் சூடாகக் கிடைத்திருக்கும், பாரில் சமைக்கிறவர்களில் கைப்பக்குவம் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள். எட்டு மணிக்கு மேல் தரை ஈரமாகி, காற்றோட்டம் இல்லாமல், எண்ணெய் கறுத்துப்போன நேரத்தில் போனவரின் கதை வேறாக இருக்கும். தரங்கம்பாடியைத் தாண்டிப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியான காரைக்காலுக்குள் போனால் சட்டம் வேறு. அங்கே பாரும் ரெஸ்டாரன்ட்டும் ஒரே கூரையின்கீழ் உரிமத்தோடு நடக்கின்றன, மெனு அட்டை வரும். அங்கே சாப்பிட்டுப் பழகியவர் சீர்காழிப் பாரை அதோடு ஒப்பிட்டுப் பேசுவது நியாயமாகாது. இரண்டும் ஒரே தொழில் இல்லை.

பத்து மணிக்கு டாஸ்மாக் கடை மூடியதும் பாரில் இருந்தவர்கள் நேரே பரோட்டாக் கடைகளுக்கு வருகிறார்கள். ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போன குடும்பமும், பத்தரை மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி வந்த குடும்பமும் அந்தக் கடையைப் பற்றி ஒரே மாதிரி பேச முடியாது. பெண்கள் இரவில் வெளியே சாப்பிடத் தயங்குவதற்குச் சாப்பாட்டின் ருசி காரணமே இல்லை. தனியாக ஒரு ஃபேமிலி ரூம், வெளிச்சமான வாசல், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இந்த மூன்றும் இருக்கும் ஓட்டலைப் பெண்கள் மறக்காமல் தேடிப் போகிறார்கள்.

மரியாதை என்பது இன்னும் ஆழமான விஷயம். 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையில் "பிராமணாள்" என்று இருந்ததை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினார். தஞ்சைச் சீமையின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததும் அதை ஒழிக்கப் போராட்டங்கள் நடந்ததும் வரலாறு. உணவகங்களுக்குள் யாரையும் சாதி, மதம் காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரே கடையில் ஒருவரை "வாங்க, உட்காருங்க" என்றும் இன்னொருவரை "என்ன வேணும்?" என்றும் கேட்கும் பழக்கம் இருந்தால், அந்தக் கடைக்கு இரண்டு அபிப்பிராயம் இருப்பது ருசியால் அல்ல. அதை எந்தச் சாம்பாரும் ஈடுகட்டாது.

பில் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். 2017 நவம்பர் 15-இலிருந்து சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு ஓட்டல்கள் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி எண் அச்சிடாத துண்டுச் சீட்டில் வரி போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது பற்றி அடிக்கடி வாக்குவாதம் நடக்கிறது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு அந்த உச்ச விலைக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கடையில் கவுண்டரில் வாங்கும் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைதான். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாதம் பிறக்கும்போது மாறுவதால், மூன்று மாதம் கழித்து வருகிறவர் தோசை விலையைப் பார்த்துத் திடுக்கிடுவதில் ஓட்டல்காரர் மட்டும் குற்றவாளி அல்ல.

சுத்தம் மட்டும் அபிப்பிராயத்துக்கு விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் குழந்தை இறந்துபோனாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. பொரிக்கும் எண்ணெய் கெடும்போது அதில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆய்வாளர் கருவி வைத்துப் பார்ப்பதை வாடிக்கையாளர் கண்ணாலேயே ஓரளவு பார்க்கலாம். எண்ணெய் தார் மாதிரி கறுத்திருந்தால், வடை போட்டதும் நுரை கட்டி அடங்காமல் நின்றால், புகை கண்ணைக் கரித்தால் அங்கே வடை வாங்க வேண்டாம். சூடான சாம்பாரையும் ரசத்தையும் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். 2019 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோனால் மறுக்கிற ஓட்டல் அபூர்வம், அளவும் சற்றுத் தாராளமாகவே விழும்.

மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். அதுவரை நாகப்பட்டினம் வரை போக வேண்டியிருந்த உணவுப் பாதுகாப்புப் புகார்கள் இப்போது பக்கத்திலேயே முடிகின்றன. ஓட்டல்களின் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். கெட்டுப்போன உணவு கொடுத்தால் அந்தப் பில்லையும் படத்தையும் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். விலை, பில் தகராறுகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சோறு குழைந்தது, காபி ஆறிப்போனது போன்ற குறைகளுக்கு இவை தேவையில்லை, கல்லாவில் இருப்பவரிடம் அந்த இடத்திலேயே சொன்னால் போதும். இன்னொருவருக்கு ஓர் ஓட்டலைப் பற்றிச் சொல்லும்போது என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாதம், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.